தண்ணீர்க்காரர் விடுப்பில் போனார்

விடுப்பே எடுப்பதில்லை என்று வெண்டல் ஓஸ்ட்பி சபதம் எதுவும் செய்திருக்கவில்லை. சபதம் செய்யவும் ஓர் அரை நாள் ஓய்வு வேண்டும். அது அவருக்குக் கிடைத்ததில்லை.

வடக்கு மின்னசோட்டாவில் லண்ட்பி என்கிற சிற்றூரின் குடிநீர் இலாகாவுக்கு அவர் தலைவர். இலாகா என்றதும் மிரள வேண்டாம். சில பம்புகள், உயரத்தில் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி, கிளென் என்றொரு உதவியாளன், அப்புறம் வெண்டல். அவ்வளவுதான் இலாகா. ஊரின் எந்த மூலையில் நின்றாலும் தொட்டி தெரியும். எந்த மூலையில் நின்றாலும் வெண்டல் அதைப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் ஜன்னல் வழியே தொட்டியைப் பார்ப்பார். நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் தொண்டையில் சோடா இறங்கும்.

எடுக்காத விடுப்பு ஆண்டுதோறும் அவர் பெயரில் ஏறிக்கொண்டே வந்தது, அடைமழையில் நிலவறைக்குள் தண்ணீர் ஏறுவதுபோல. இறைத்து வெளியே விட ஆளில்லை.

அவர் மனைவி மார்லிஸ், பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சத்தம் போடாமல் ஒரு கூட்டத்தையே அடக்கிப் பழகியவள். அவளுடைய அப்பா விட்டுப்போன ஏரிக்கரை வீடொன்று வடக்கே இருந்தது. ஏரியின் பெயர் சின்னச் சேற்று ஏரி. அந்த மாநிலத்தில் ஏரிகள் அதிகம், பெயர்கள் குறைவு. கடைசியில் மிஞ்சிய பெயரை மிஞ்சிய ஏரிக்கு வைத்துவிட்டார்கள். தண்ணீர் என்னவோ கண்ணாடிதான்.

வசந்தத்தில் பனி உடைந்ததும் வெண்டல் அங்கே போய்ப் படகுத்துறைப் பலகைகளை ஏரிக்குள் இறக்கி வைப்பார். இலை உதிர்ந்ததும் போய், பனி இறுகுவதற்குள் அவற்றை இழுத்துக் கரையில் போடுவார். நடுவில் ஒரு கோடைகாலம் இருக்கிறதே, அப்போது அந்தப் பலகைமேல் அவர் கால் பட்டதில்லை. யாராவது கேட்டால், "நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏரிக்குப் போறவனாக்கும்" என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தடம் புரண்டது.

வழிபாடு முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் கூடியிருந்தார்கள். சதுரம் சதுரமாக வெட்டிய இனிப்பும், அடியில் கிடக்கும் கரண்டி தெரிகிற அளவுக்கு வெளிறிய காபியும். லவோன் டால் என்கிற விதவை ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குத் தண்ணி கொஞ்சம் வேற மாதிரி இருக்கு."

லண்ட்பியில் யாரும் எதையும் மோசம் என்று சொல்வதில்லை. வீடு பற்றி எரிந்தால் "கொஞ்சம் கதகதப்பா இருந்துச்சு" என்பார்கள். ஆனால் ஒன்றைப் பார்த்து "வேற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வசை அந்த ஊரில் கிடையாது. ஒரு மருமகளின் சமையலை இப்படிச் சொல்லப்போய், இரண்டு குடும்பங்கள் இன்றுவரை எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து தனித்தனியாகக் கடவுளிடம் முறையிட்டுக்கொண்டிருக்கின்றன.

வெண்டல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேற மாதிரின்னா?"

"ஒண்ணுமில்ல வெண்டல், சும்மா வாயில வந்துச்சு."

"வேற மாதிரின்னா எந்த மாதிரி? குளோரின் வாடையா? இரும்பு ருசியா? சொல்லுங்க லவோன். சொல்லிட்டு அப்புறம் அந்த இனிப்பைச் சாப்பிடுங்க!"

குரல் கூரையில் முட்டியது. பாஸ்டர் தட்டோடு ஓரடி பின்னால் போனார். அதோடு நின்றிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்ட மனிதர், முதல்முறையாகத் தன் கண்ணிலிருந்து விட ஆரம்பித்தார். கண்ணீர் நிற்கவில்லை. எந்த வால்வைத் திருகினால் நிற்கும் என்று அவருக்கே தெரியவில்லை. கூடியிருந்தவர்கள் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் சத்தமில்லாமல் அவர் தட்டில் இன்னும் இரண்டு இனிப்புத் துண்டுகளை வைத்துவிட்டுப் போனார். அந்த ஊரில் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்வதற்கு அது சமம்.

மறுநாள் மார்லிஸ் அவரை டாக்டர் ஹாகனிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மாள் நாற்பதைத் தாண்டாதவர். லண்ட்பியில் பிறந்து வளர்ந்தவர். ஆகவே பதில்களை அப்படியே நம்புகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"தூக்கம் எப்படி?"

"மோசமில்ல."

"பசி?"

"மோசமில்ல."

"கோபம் வருதா?"

"அதுவும் மோசமில்ல."

"போன வாரம் ரொட்டி வாட்டுற மெஷினைத் தூக்கி வெளியில புல்லுமேல எறிஞ்சார், டாக்டர்," என்றாள் மார்லிஸ்.

"அது கருக வெச்சுது," என்றார் வெண்டல்.

"கடைசியா எப்ப லீவு எடுத்தீங்க?"

வெண்டல் யோசித்தார். "கல்யாணத்துக்கு ஒண்ணு எடுத்தேன்."

"அதுவும் அரை நாள்," என்றாள் மார்லிஸ். "கேக் வெட்டறதுக்குள்ள எங்கயோ குழாய் உடைஞ்சிருச்சு. நான் தனியா வெட்டினேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "மூளையும் ஒரு பம்பு மாதிரிதான்னு சொல்லலாம்னு பார்த்தேன். சொன்னா, அப்ப எண்ணெய் விட்டா போதாதான்னு கேப்பீங்க. அதனால நேரா சொல்லிடறேன். உங்க உடம்புல கோளாறு இல்ல. மனசுக்கு நிக்கத் தெரியல. ரெண்டு வாரம் ஏரிக்கரைக்குப் போய்ச் சும்மா உட்காருங்க. வேலை கூடாது, போன் கூடாது. மருந்து எழுதித் தர மாட்டேன், இதுதான் மருந்து. நேத்து காபி குடிக்கிறப்ப வந்தது, இன்னொரு நாள் நீங்க காரோட்டறப்ப வரும்."

"யோசிக்கிறேன்," என்றார் வெண்டல். அந்த ஊரில் அதற்கு முடியாது என்று பொருள்.

ஏன் முடியாது? நான் இல்லாதபோது ஏதாவது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பது வெளியே சொல்லிக்கொள்கிற காரணம். அதை அவர் மார்லிஸிடமும் கிளெனிடமும் பக்கத்து வீட்டு நாயிடமும் சொல்லியிருக்கிறார். உள்ளே இன்னொரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. நான் இரண்டு வாரம் இல்லாமல் இருந்து, எதுவுமே கெட்டுப்போகாவிட்டால்? பம்பு ஓடி, தொட்டி நிறைந்து, ஊர் குளித்து, குடித்து, பல் துலக்கி, யாரும் எதையும் கவனிக்காவிட்டால்? பிறகு இத்தனை வருஷம் வெண்டல் என்று ஒருவர் எதற்காக இருந்தார்? அந்தக் கேள்விக்கு அருகில் போகாமல் இருப்பதற்காகத்தான் அவர் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மார்லிஸ் அன்று இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள்.

"ஏரிக்குப் போலாமா, வெண்டல்?"

"வேணாம் மார்லிஸ். உனக்கு எதுக்குச் சிரமம்."

இங்கே ஒரு முறைமையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் எதையும் ஒரே அழைப்பில் ஏற்றுக்கொள்வது அநாகரிகம். காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். அது மரியாதை. மறுபடி கேட்டால், சிரமம் வேண்டாம் என்பார்கள். அதுவும் மரியாதைதான். மூன்றாம் முறை என்ன சொல்கிறார்களோ, அதுதான் பதில். மூன்று முறை கேட்காதவர் கேட்கவே இல்லை. மூன்று முறை மறுக்காதவர் இன்னும் மறுக்கவே இல்லை. வெண்டலின் திட்டம் இதன்மேல்தான் நின்றது. மூன்று முறை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த வருஷத்துக்கு அந்தப் பேச்சு செத்தது.

மறுநாள் ருபார்ப் தண்டு போட்டுச் சுட்ட இனிப்பை அவர் தட்டில் வைத்துவிட்டு மார்லிஸ் இரண்டாம் முறை கேட்டாள்.

"ஏரிக்காத்து உனக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்களே."

"அதெல்லாம் வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"ஓ, சரி," என்றாள் அவள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெண்டல் மூன்றாம் மறுப்பை ஒத்திகை பார்த்து வைத்துக்கொண்டார். காரணங்களை அடுக்கி, நடுவில் ஒரு பெருமூச்சும் செருகி, நல்ல பாங்காக இருந்தது. மறுநாள் சாப்பாட்டில் மார்லிஸ் தக்காளிச் செடியைப் பற்றிப் பேசினாள். அதற்கடுத்த நாள் லவோனின் முழங்காலைப் பற்றிப் பேசினாள். ஏரியைப் பற்றி ஒரு மூச்சு இல்லை. தொண்டை வரை வந்த மறுப்பு இறங்கவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல் நின்றது. வேலையில் கவனம் போகவில்லை. ஒரு நாள் தொட்டியைப் பார்க்கவே மறந்துபோனார்.

வாரக் கடைசியில் அவரால் பொறுக்க முடியவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, எதுவும் நடக்காததுபோல் கேட்டார்.

"அந்த ஏரி வீட்டுக் கூரை எப்படி இருக்கோ?"

"எந்த ஏரி வீடு?"

"நம்ம ஏரி வீடுதான். நீ கூட அன்னிக்கு ஏதோ கேட்டுட்டிருந்தியே."

"ஆமா, கேட்டேன். நீதான் வேணாம்னுட்டியே. நான் லவோனைக் கூட்டிட்டுப் போறேன்."

செய்தித்தாள் இறங்கியது. "லவோனையா? வேற மாதிரி இருக்குன்னு சொன்னாளே, அந்த லவோனையா?"

"கேட்டேன், வரேன்னா."

"எத்தனை தடவை கேட்ட?"

"ஒரே தடவைதான்."

"ஒரே தடவையில வரேன்னுட்டாளா?" வெண்டல் செய்தித்தாளை மடித்தே வைத்துவிட்டார். "அவங்க வீட்டுல வளர்த்த லட்சணமா அது?"

"முழங்கால் வலிக்குதாம், பாவம். உன்னோட கட்டில்லதான் படுக்க வைக்கணும். என்ன, நீ வர்றதா இருந்தா வேற விஷயம்."

"சரி, நீ இவ்வளவு வற்புறுத்தினா நான் என்ன செய்ய முடியும்?"

"நான் வற்புறுத்தவே இல்லையே."

"வற்புறுத்திட்ட," என்றார் வெண்டல். சொல்லி முடித்த பிறகுதான், தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கே உறைத்தது. மூன்றாம் முறை அது. பதில் ஆகிவிட்டது. மார்லிஸ் அதற்குள் பெட்டியை இறக்கப் போயிருந்தாள்.

ஆனால் வெண்டலும் தோற்றுப் பழகியவர் அல்ல. புறப்படுவதற்கு முன்தினம் கிளெனைப் பம்பு அறைக்குப் பின்னால் கூட்டிப்போனார். கிளென் ஐம்பதைத் தாண்டியவன். பிறந்ததிலிருந்து பேசிய பேச்சைக் கோத்தாலும் ஒரு முழம் தேறாது. ஆமாம் என்பதற்கு அந்தப் பக்கத்தில் சொல்கிற 'யா' ஒன்றே அதில் பாதி.

"தினமும் காலையில ஒன்பது மணிக்கு எனக்குப் போன் பண்ற."

"யா."

"என் போன் இல்ல. ஆபீஸ் போன். அதை எடுத்துட்டுப் போறேன். என்ன கெட்டுப்போனாலும் சொல்லணும். மறைக்கக் கூடாது."

"யா."

"மார்லிஸுக்குத் தெரியவே கூடாது."

கிளென் தொப்பியைச் சரிசெய்தான். பூட்ஸைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான்.

"…யா."

கிளம்பும்போது மார்லிஸ் கையை நீட்டினாள். "உன் போனைக் குடு. மேஜைக்குள்ள இருக்கட்டும்." வெண்டல் தன் போனைக் கொடுத்தார், சாதுவாக. அலுவலகப் போன் தூண்டில் பெட்டியில் ஈயக் குண்டுகளுக்கு அடியில் படுத்திருந்தது. அவருக்குத் தூண்டில் பிடிக்காது. மீனும் பிடிக்காது. ஆனால் சின்னச் சேற்று ஏரிக்கரையில் போன் எடுக்காது, ஏரி நடுவில் போனால்தான் எடுக்கும் என்று மைத்துனன் ஒரு தடவை புலம்பியிருந்தான். ஆகவே வெண்டல் திடீரென்று மீன் பிரியராகிவிட்டார்.

"முதல் நாளே தூண்டிலா?" என்றாள் மார்லிஸ்.

"எனக்கு எப்பவும் ஒரு ஆசை உண்டு."

"தெரியும் தெரியும். உள்ளயே வெச்சிருந்த போல."

துடுப்புப் போட்டு ஏரி நடுவுக்குப் போய், ஒன்பது மணிக்குப் போனைக் காதில் வைத்தார். கிளெனின் குரல்.

"என்னாச்சு? என்ன உடைஞ்சுது?"

"ஒண்ணுமில்ல."

"பம்பு?"

"ஓடுது."

"யாராவது புகார்?"

"இல்ல. எல்லாம் நல்லா இருக்கு, வெண்டல்."

வெண்டல் படகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தண்ணீர். அதில் ஒரு சொட்டுக்குக்கூட அவர் தேவைப்படவில்லை. கரைக்கு வந்தபோது முகம் அன்று தேவாலயத்தில் அழுத முகமாக இருந்தது. மதியம் சாப்பிடவில்லை. வேலி ஆணி ஒன்றை அடிக்கிறேன் என்று நாலைந்தை வளைத்தார். சாயங்காலம், கூரைக்கு ஏதோ வாங்க வேண்டும், நாளை ஒரு நடை ஊருக்குப் போய்விட்டு வரட்டுமா என்று கேட்டார்.

மார்லிஸ் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். "நான் டாட்டி கடை வரைக்கும் நடந்துட்டு வரேன். முட்டை வாங்கணும்." டாட்டி என்பவள் ஏரி வளைவில் தூண்டில் புழு விற்பவள். புழுவும் முட்டையும் ஒரே குளிர்பெட்டியில் இருக்கும், அதன்மேல் கம்பி வைத்த பழைய போன் ஒன்றும் இருக்கும். மார்லிஸ் இருட்டுவதற்குள் திரும்பி வந்தாள்.

"கூரைக்கு நாளைக்கு வேணாம். மேகம் போட்டிருக்கு," என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. கிளெனின் குரலில் ஒரு பதற்றம்; புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறவன் பதற்றம்.

"வெண்டல், வடக்குப் பம்பு முனகுது. என்ன செய்யறதுன்னு தெரியல. உங்களைத் தவிர வேற யாருக்கும் தெரியாது."

வெண்டல் படகிலேயே எழுந்து நின்றுவிட்டார். படகு ஆடியது. உட்கார்ந்துகொண்டு, மூடியைத் திறப்பதிலிருந்து முடுக்குவது வரை அணு அணுவாகச் சொன்னார். "புரிஞ்சுதா?" "யா." போனை வைத்ததும் நெஞ்சில் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்கியது. திரும்பிப் போக அவசரமில்லை. மீன் பிடிக்க வந்தவன் உடனே திரும்பினால் மார்லிஸுக்குச் சந்தேகம் வரும். ஆகவே கடமைக்காகத் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தூரத்தில் ஒரு லூன் பறவை குரல் கொடுத்தது. இன்னொன்று பதில் சொன்னது. முதல் பறவை கேட்டதும் இரண்டாவது சொல்லிவிட்டதே, மூன்று முறை கேட்க வேண்டாமா என்று வெண்டல் யோசித்தார். யோசித்தபடியே தூங்கிப்போனார்.

அடுத்த நாளும் ஒரு பிரச்சினை. அதற்கடுத்த நாளும். தினம் ஒன்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தெருவோரத் தீயணைப்புக் குழாய்க்கு மூடி இறுகிவிட்டது, எப்படித் திறக்கிறது? பூங்காவில் தண்ணீர் அழுத்தம் சோம்பலாக இருக்கிறது, என்ன காரணம்? தொட்டி உச்சியில் பருந்து கூடு கட்டுகிறது, கலைக்கலாமா, பாவமா? இதற்கு வெண்டல் படகைக் காற்றில் மிதக்க விட்டு அரை மணி யோசித்து, "குஞ்சு பறக்கற வரைக்கும் விட்டுடு" என்றார். தானா இப்படிச் சொன்னோம் என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

இரண்டாம் வாரத்தில் கிளென் ஒரு கேள்வி கேட்டான்.

"கோடை வகுப்புக் குழந்தைங்க வந்தாங்க. ஒரு ஊருக்கு நல்ல தண்ணி குடுக்கறதுன்னா என்னன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல?"

வெண்டல் அசந்துபோனார். பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்று 'யா' சொன்னவனுக்குள் இப்படி ஓர் ஆழம் கிடந்திருக்கிறதே! "நாளைக்குச் சொல்றேன்" என்றார். அன்று முழுக்க அதையே நினைத்தார். குழாயைத் திறந்ததும் வருகிற தண்ணீரை யாரும் நினைப்பதில்லை; நினைக்காமல் இருக்க விடுவதுதான் வேலை என்று மறுநாள் சொன்னார். மறுமுனையில் காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது.

ஊரிலிருந்து வந்தபோது கட்டைபோல் இருந்த தோள்கள் இறங்கிவிட்டன. ஒருநாள் ஒரு பெர்ச் மீன் தானாகவே தூண்டிலில் மாட்டியது. அவர் அதனிடம் மன்னிப்புக் கேட்டு விட்டுவிட்டார். இரவில் படுத்தால் விடிந்துதான் எழுந்தார். ரொட்டி கருகினால் கத்தியால் சுரண்டிவிட்டுத் தின்றார்.

ஒரே ஒரு உறுத்தல். மார்லிஸை ஏமாற்றுகிறோமே! டாக்டர் சொன்னதை நம்பி, போனை மேஜைக்குள் பூட்டிவிட்டு, என்ன நிம்மதியாக இருக்கிறாள் பாவம். குற்ற உணர்ச்சியில் பாத்திரங்களைக் கழுவினார். அவளுடைய நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டார். அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பற்றிக் கேட்டார், பதிலையும் கேட்டார்.

"என்னாச்சு உனக்கு?" என்றாள் மார்லிஸ்.

"ஏரிக்காத்து."

"டாக்டர் சொன்னாங்க இல்ல."

"மோசமான டாக்டர் இல்ல," என்றார் வெண்டல். அவர் அளவில் அது சிலை வைப்பதற்குச் சமம்.

சாயங்காலம் ஆனால் மார்லிஸ் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு டாட்டி கடைக்குக் கிளம்பிவிடுவாள். தினம் முட்டை. பொரித்தார்கள், அவித்தார்கள், மாவில் கலந்தார்கள். அப்படியும் குளிர்பெட்டியைத் திறந்தால் முட்டைகள் வரிசையாக நின்று பார்த்தன. பெண்களுக்குப் பேச ஆள் வேண்டும் என்று வெண்டல் விட்டுவிட்டார்.

கடைசி வாரத்தின் நடுவில் ஒரு மாலை. ஏரி அசையாமல் கிடந்தது. வெண்டல் வாசல் மேஜையில், கிரிபேஜ் என்கிற சீட்டாட்டத்துக்குப் புள்ளி எண்ணும் பலகையை வைத்துச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். மார்லிஸ் சட்டைக்குள் கையை நுழைத்தாள்.

"இன்னிக்குப் போகாத. உட்காரு, ஒரு ஆட்டம் போடலாம்."

"இல்ல வெண்டல், சட்டுனு போய்ட்டு வந்துடறேன்."

"முட்டைதான் கிடக்கே அவ்வளவு. உட்காரேன்."

"வேணாம்பா. டாட்டி எதிர்பார்த்துட்டிருப்பா."

வெண்டல் சீட்டைக் கீழே வைத்தார். சரி என்று விட்டுவிடுவதுதான் அவர் வழக்கம். இரண்டு முறை கேட்டாகிவிட்டது, மூன்றாவது வரை அவர் போனதே இல்லை. ஆனால் தனியாகக் கேக் வெட்டியவள் எதிரே நிற்கிறாள் என்று அவருக்கு என்னவோ அப்போதுதான் கண்ணில் பட்டது.

"மார்லிஸ். எனக்கு நீ இங்க இருந்தா நல்லா இருக்கும்."

அவள் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றாள். பிறகு சட்டையைக் கழற்றி நாற்காலிமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றிலும் மார்லிஸ் ஜெயித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. நடுவில் வெண்டல் தொண்டையைக் கனைத்தார்.

"மார்லிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் தூண்டில் பெட்டியில…"

"இப்ப வேணாம்," என்றாள் அவள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மீன் கதை எல்லாம் நாளைக்குச் சொல்லு. இப்ப உன் முறை, போடு."

மறுநாள் காலை வெண்டல் எழுந்தபோது அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அவர் எழுந்தது அவருக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. நுனிக்காலில் நடந்து, காபியை வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை கெட்டியாகப் போட்டு அவளுக்கு மூடி வைத்துவிட்டு, படகை அவிழ்த்தார். இன்றைக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார். இந்த மனுஷனை நம்பி ஒரு ஊரே இருக்கிறது, என்ன செய்ய, மன்னித்துக்கொள் என்று.

ஒன்பது மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு லூன் பறவை முங்கியது, எங்கேயோ போய் எழுந்தது. போன் அடிக்கவில்லை. பெரிதாக ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார். பிரதானக் குழாய் உடைந்திருக்கும். கிளென் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பான், போன் நனைந்திருக்கும். முதல்முறையாக அவரே கூப்பிட்டார். இரண்டாம் மணியில் கிளென் எடுத்தான். பின்னணியில் வானொலியில் பேஸ்பால் அலசல் ஓடிக்கொண்டிருந்தது.

"கிளென்! என்னாச்சு? எது உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல."

"வடக்குப் பம்பு? முனகல் நின்னுதா?"

"அது… அது எப்பவும் நல்லாத்தான் ஓடுது, வெண்டல்."

"பூங்கா அழுத்தம்? பருந்து?"

கிளென் வானொலியை நிறுத்துவது கேட்டது. நாற்காலி நகர்வது கேட்டது.

"அப்புறம் ஏன் இன்னிக்கு நீ கூப்பிடல? ஒன்பது மணிக்குன்னு சொன்னேனா இல்லையா?"

பிறகு, வாழ்நாளிலேயே தான் பேசிய மிக நீளமான வாக்கியத்தைக் கிளென் மென்று முழுங்கிச் சொல்லி முடித்தான்.

"நேத்து சாயங்காலம் மார்லிஸ் டாட்டி கடையிலேர்ந்து போன் பண்ணவே இல்லையே, நான் பாட்டுக்கு என்னத்தைன்னு உங்ககிட்ட கேக்கறது?"